பட்டாவும் பாடும்: கொரோனாக் கால உழவர் உதவித்தொகை, திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்து

2020 மார்ச் 26 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த ஏழைகள் நலத் தொகுப்பில், உழவர் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று இருந்தது. நிலம் பெயரில் உள்ள உழவர் குடும்பங்களுக்கான பிஎம் கிசான் திட்டத்தில் ஏப்ரல் முதல் ஜூலைக்குள் எப்படியும் வர வேண்டிய தவணைதான் அது. ஏப்ரல் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள். ஆண்டுக்கு 6,000 என்ற மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இதை நிவாரணக் கணக்கில் எழுதியதே விவாதத்துக்குரியது. அதைவிட முக்கியமான கேள்வி, பணம் யார் வாசலுக்குப் போனது என்பது. நட்டம் விழுந்த இடத்தை விட்டுவிட்டு, பட்டா இருந்த இடத்துக்கே அது போய்ச் சேர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளை எடுத்துக்கொள்வோம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். வருசக் குத்தகைக்குப் பிடித்து ஆடு மாடு மேய்ப்பவர் பல இடங்களில் வேறொருவர். பேச்சு வாயளவில்தான். ஊரடங்கில் சந்தை மூடியபோது ஆட்டை விற்க வழியில்லாமல் நின்றவர் குத்தகைக்காரர். தவணை வந்தது பட்டாதாரருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் உண்டு. எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சும் உடைமையாளர் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை.

பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணையாளரின் சிக்கல் வேறு. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் இவருடையவை. கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி 2020 தொடக்கத்தில் பரவி விலை சரிந்ததும், குஞ்சு விடுவது தள்ளிப்போனது. காலிக் கொட்டகைக்குக் கூலி ஏது? கொட்டகைக் கடனின் வட்டி மட்டும் ஓடியது. பட்டா இருந்த பண்ணையாளருக்கு 2,000 வந்திருக்கும்தான். கொட்டகை நிறைந்திருந்தாலும் அதே தொகைதான் வந்திருக்கும்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் மகனின் வாரச் சம்பளத்தை நம்பி மானாவாரி வெள்ளாமை செய்யும் வீடுகள் இங்கே ஏராளம். கம்பெனி மூடியதும் விதைக்கும் உரத்துக்குமான காசும் நின்றது. இதை அளக்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

2020 ஆகஸ்டில் வெளிப்பட்ட பிஎம் கிசான் முறைகேட்டையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் கணக்கில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் ஏறியது. வேளாண் துறையின் கடவுச்சொற்கள் இடைத்தரகர் கைக்குப் போயிருந்தன; சிபிசிஐடி விசாரித்தது. மோசடி மோசடிதான். ஆனால் கொரோனாப் பணம் வருகிறது என்று சொன்னதை நம்பி ஆதார் நகல் கொடுத்தவர்களில் நிலமற்ற கூலிகளும் இருந்தார்கள். சோதனையை இறுக்கு என்பதே இதிலிருந்து அரசு கற்ற பாடம். பயனாளிப் பட்டியலின் அடிப்படை சரியா என்ற கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை.

மாநில அரசு அரிசி அட்டைகளுக்கு 2020இல் 1,000, 2021இல் இரு தவணையாக 4,000 கொடுத்தது. பட்டா கேட்கவில்லை, குத்தகைக்காரரும் தையல்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். என் மதிப்பீட்டில் உழவருக்கு நேர்மையாக உதவியது, உழவர் பெயரே இல்லாத இந்தத் திட்டம்தான். உள்ளூர் அட்டையில்லாத வடமாநிலத் தொழிலாளருக்கு இந்தப் பணம் இல்லை என்ற குறை அதற்கும் உண்டு. 2021 பிப்ரவரி 5இல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியோ, கடன் வாங்க முடிந்தவரோடு நின்றது.

எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் என்று பசலிதோறும் பதியும் அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. உடைமையாளரைக் காட்டும் சிட்டாவை விட்டு அடங்கலை அடிப்படையாகக் கொண்டால் குத்தகைச் சாகுபடியாளர் ஓரளவு கணக்கில் வருவார். அதற்கு, அலுவலர் காட்டுக்குப் போய்ப் பார்த்து, பயிரிடுபவர் யார் என்று கேட்டு எழுத வேண்டும். கோழியும் ஆடும் அப்போதும் அடங்கலில் ஏறா. அவற்றுக்குக் கால்நடைத் துறை தனிப் பதிவேடு வைத்தாக வேண்டும்.