இறந்தபின் கிடைத்த மதிப்பெண்



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், "சார், பேஸ்பாலில் 'சேவ்' என்றால் என்னவென்று தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியாது. அதனால் படித்தேன். உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

பிட்ச்சர் நம் பௌலர் மாதிரி. ஆனால் ஓவருக்கு ஓவர் மாறுவதில்லை, ஒருவரே தொடர்ந்து வீசுவார். அவர் களைத்தால் இன்னொருவர் வருவார். அணி முன்னிலையில் இருக்கும்போது வந்து, அதை விட்டுவிடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் அது 'சேவ்'. வெற்றி பெரும்பாலும் முதலில் வீசியவர் பெயரில்தான் போகும்.

நேஷனல் லீக் தொடங்கியது 1876-இல். அப்போது கையைத் தாழ்த்தித்தான் வீச வேண்டும். தோள் அவ்வளவாக வலிக்காது. தொடங்கியவரே முடிப்பதுதான் வழக்கம். 1879-இல் வில் ஒயிட் என்பவர் 75 ஆட்டங்களைத் தொடங்கி, 75-ஐயும் தானே முடித்தார்!

விருப்பம்போல் மாற்றாளை இறக்கவும் விதி இடம் தரவில்லை. அந்தச் சுதந்திரம் 1891-இல்தான் வந்தது. அதுவரை என்ன செய்தார்கள்? வீசத் தெரிந்த இன்னொருவரை ஃபீல்டிங்கில் நிறுத்தி வைத்தார்கள். தேவைப்பட்டால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். பாஸ்டன் அணியின் ஜாக் மேனிங் அப்படி ஒருவர். 1876-இல் 5 'சேவ்'களோடு லீக்கில் அவரே முதலிடம்.

அடுத்து மார்டிகாய் பிரவுன். சிறுவயதில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி வலது ஆள்காட்டி விரலை இழந்தவர். அந்தக் கையால் வீசிய பந்து வினோதமாக வளைந்தது. 1911-இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக 21 வெற்றிகள் பெற்றார். அதோடு, மற்றவர்கள் தொடங்கிய ஆட்டங்களில் இறங்கி 13 'சேவ்'. 1924-இல் வாஷிங்டன் அணியின் ஃபர்ப்போ மார்பெரி 15 எடுக்கும்வரை அதை யாரும் தாண்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு அப்போது இவர்களில் யாருக்கும் தெரியாது! அந்தக் காலத்தில் 'சேவ்' என்றொரு கணக்கே இல்லை.

1959-இல் எல்ராய் ஃபேஸ் என்ற மாற்று பிட்ச்சர் 18 வெற்றி, 1 தோல்வி என்று கொடிகட்டிப் பறந்தார். ஆனால் அவற்றில் பல ஆட்டங்களில் அவரே முன்னிலையைக் கோட்டைவிட்டு, பிறகு தன் அணியினர் அடித்துக் கொடுத்ததால் வெற்றி அவர் பெயரில் விழுந்தது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மனுக்கு இது உறுத்தியது. கோட்டைவிட்டவருக்குப் பெயர், காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லையா? அவர் வகுத்த கணக்கிலிருந்து பிறந்ததுதான் 'சேவ்'. 1969-இல் அது அதிகாரபூர்வமானது. ஆய்வாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தேடி, மேனிங்குக்கும் பிரவுனுக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிரவுன் 1948-லேயே இறந்துவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிதான் நினைவுக்கு வந்தது. ஆண்டு நடுவில் இன்னொருவரின் வகுப்பை ஏற்று, போர்ஷனை முடித்துக் கொடுத்த ஆசிரியர்கள் எத்தனை பேர்! தேர்ச்சி விழுக்காட்டில் அவர்கள் பெயர் வந்ததேயில்லை. நானும் அப்போது அதைக் கவனித்துச் சொல்லவில்லை.

அப்படி உங்களுக்குக் கைகொடுத்த ஒருவரின் பெயர் நினைவிருந்தால், இன்றைக்கே அவருக்கு ஒரு போன் போடுங்கள். 1969 வரை காத்திருக்க வேண்டாம்.