வயலில் நின்ற சாட்டை, வீட்டில்?

குறுவை நடவு சமயம் ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடி பக்கம் ஒரு குக்கிராமம். நான் ஸ்கூல் படிக்கறப்போ எங்க வயலுக்கு நடவுக்கு வர்ற ஒரு அக்கா ஞாபகம் வந்தாங்க. ஒருநாள் கண்ணுக்குக் கீழே கன்னிப்போய் வந்தாங்க. பாட்டி கேட்டதுக்கு, "வரப்புல வழுக்கிட்டேன்மா"ன்னாங்க. பாட்டி அதுக்கு மேல கேக்கல.

எங்க மண்ணுக்கு அடி புதுசில்லீங்க. பண்ணையாள் தப்பு செஞ்சா சவுக்கடி, சாணிப்பால். ஆம்பளை பொம்பளை பேதமில்லாம உழைப்பு, அவமானம். பி.சீனிவாசராவ் 1943-ல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கட்டினார். 1944 மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. அந்தப் போராட்டத்துல மணலூர் மணியம்மையும் இருந்தாங்க. விதவையான பிராமணப் பெண். தலையை கிராப் வெட்டி, வேட்டி கட்டிக்கிட்டு கூலிக்காரங்க குடிசைக்குப் போய் சங்கம் வளர்த்தவங்க. ராஜம் கிருஷ்ணனோட 'பாதையில் பதிந்த அடிகள்' அவங்க கதைதான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் கூலி உயர்வு கேட்ட ஊரில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து போனாங்க. அதிகம் பேர் பெண்களும் குழந்தைகளும்.

இவ்வளவு ரத்தம் சிந்தி வாங்கினது மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம். புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல? அது 'குடும்ப விஷயம்'! கணவன் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983-ல்தான் வந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்தது. அடி மட்டுமில்ல, சம்பாத்தியத்தைப் பிடுங்கிக்கறதும் வன்முறைன்னு சொன்ன சட்டம் அது. வீட்டை விட்டு வெளிய தள்ள முடியாதுன்னும் சொன்னது. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவுல அறுபது வருஷத்துக்கு மேல இடைவெளி!

'பொண்ணு சம்பாதிச்சா போதும், யாரும் கை வைக்க மாட்டான்'னு நாம சொல்றோமில்லையா? டெல்டா பொம்பளைங்க எந்தக் காலத்துல சம்பாதிக்காம இருந்தாங்க? நாத்து நட்டு, களையெடுத்து, அறுப்புலயும் உழைச்சவங்க அவங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல மணமான பெண்கள்ல சுமார் 38 சதவீதம் பேர் கணவனோட வன்முறையை அனுபவிச்சிருக்காங்க. இந்திய அளவுல பார்த்தா, வேலைக்குப் போற பெண்கள்தான் அதை அதிகம் சொல்றாங்கன்னு அதே ஆய்வு காட்டுது. கூலி வாங்கினா மட்டும் போதாது. அது யார் கையில தங்குதுங்கறதும், அவளோட சம்பாத்தியம் வீட்டு ஆம்பளைக்கு எப்படித் தோணுதுங்கறதும்தான் விஷயம்.

போன மாசம் கூட வேலை பாக்கற ஒரு தோழி, கொளுத்தற வெயில்ல முழுக்கை போட்டு வந்தாங்க. "கதவு இடிச்சிடுச்சு"ன்னாங்க. நானும் பாட்டி மாதிரியே தலையாட்டிட்டு வந்துட்டேன். ஊர்லேருந்து திரும்பினதும் முதல் வேலையா மறுபடி கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் பேசினாங்க. மிச்சம் அவங்க கதை, இங்க எழுத மாட்டேன்.

மகளிர் உதவி எண் 181. போன்ல சேமிச்சு வச்சுக்குங்க. யாராவது வரப்புல வழுக்கிட்டேன்னு சொன்னா, இன்னொரு தரம் கேளுங்க.