நாற்பது வாட் குரல்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் நிறுவிய சென்னை மாகாண ரேடியோ கழகம் 1924 ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் கருவியின் ஆற்றல் 40 வாட். ஒரு குண்டு விளக்கின் அளவே! பின்னர் 200 வாட் கருவி வந்தது. ஆற்றல் ஐந்து மடங்கானால் தூரமும் அவ்வாறே பெருகும் என எண்ணுவது பிழை. தடையற்ற வெளியிலேயே ஏறத்தாழ இரண்டேகால் மடங்குதான் கிட்டும். நம் காஞ்சியோ சென்னைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எஞ்சிய குறையைக் கேட்பவரே தீர்த்தாக வேண்டும்: வான்கம்பியை உயரக் கட்டுதல், நிலக்கம்பி புதைத்த மண்ணை நீரூற்றி ஈரமாக வைத்தல். பணமுடையால் கழகம் 1927இல் ஓய்ந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. இன்று வயலில் ஈரம் அளக்கும் கம்பியில்லாச் சிறுகருவியின் செய்தி வீடு எட்டாவிடினும் முதலில் ஆற்றலையே பழிக்கிறோம். அதன் வான்கம்பியோ பயிருக்குள் மண்ணை ஒட்டிக் கிடக்கிறது.