ஆயிரத்து அறுநூறு ரூபாய்

உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த ஒரு தீர்ப்பின்படி என் அப்பாவுக்கு ஆறு வருடச் சம்பளம் வந்திருக்க வேண்டும். அல்லது வந்திருக்கவே கூடாது. இரண்டில் எது என்று போன மாதம் தீர்ப்பையும் தொழில் தகராறு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பிழை தேடும் தொழிலில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வியாதி.

அப்பா 1993ல் சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் ஓர் இறால் பண்ணையில் சேர்ந்தார். அன்று அது நாகை மாவட்டம், இன்று மயிலாடுதுறை. பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் படிப்புக்கு ஏற்ற வேலை என்று வீட்டில் சந்தோஷம். 1991க்குப் பிறகு ஏற்றுமதி என்ற சொல்லுக்கே ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. டைகர் இறாலை நெருக்கமாக வளர்க்கும் வித்தையில் முன்னோடி தைவான். அங்கே 1988லேயே அந்தத் தொழில் நோயில் சரிந்துவிட்டது. நம் கடற்கரைக்கு வித்தை மட்டும் வந்து சேர்ந்தது. சரிந்த கதை வரவில்லை.

1996 ஜனவரியில் அப்பாவைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். 1,500 ரூபாய் சம்பளம் 1,750 ஆனது. அம்மா பாயசம் வைத்தாள்.

சூப்பர்வைசர் என்றால் என்ன வேலை? பன்னிரண்டு குட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தீவனம் வீச வேண்டும். குட்டைக்குள் கயிற்றில் இறக்கிய ட்ரேயில் கொஞ்சம் தீவனம் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அடியில் அழுகி, குட்டையையே கெடுத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் ஓடு கழற்றும், அப்போது சரியாகத் தின்னாது. வாரம் ஒருமுறை வீச்சுவலை போட்டுப் பிடித்து எடை போட வேண்டும். எல்லாவற்றையும்விட ராத்திரிதான் ஆபத்து. பகலில் பாசி பிராணவாயு கொடுக்கும், இருட்டினால் அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் தண்ணீரில் காற்று அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் நாலு மாதப் பிழைப்பு காலையில் மிதக்கும். அப்பா கரையிலேயே தூங்கினார். ஆள் வராத நாளில் தீவன மூட்டையையும் அவரே தூக்கினார்.

வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைக்கு 1994ல் வந்தது. இறால் தீனி எடுக்காமல் கரையோரம் வந்து மந்தமாக நிற்கும். தலை ஓட்டை உரித்தால் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருக்கும். அப்புறம் ஒரு வாரம்கூடத் தாங்காது. செத்த குட்டையின் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் திறந்துவிடச் சொன்னார்கள். அதே வாய்க்காலில்தான் பக்கத்துப் பண்ணை தண்ணீர் இறைத்தது. மதகுப் பலகையை உருவியது அப்பாதான். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

பண்ணையை ஒட்டிச் சித்தப்பாவுக்கு மூணு மா நிலம் இருந்தது. மூன்றாவது வருஷம் சம்பா நுனி கருகியது. அடிபம்பில் உப்புக் கரித்தது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இறால் பண்ணைகளை எதிர்த்து ஊர் ஊராக நடந்தபோது சித்தப்பாவும் கூடப் போனார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. "கம்பெனிக்காரன்" என்றார் சித்தப்பா. கம்பெனியின் பார்வையிலோ அப்பா எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய உள்ளூர் ஆள்.

எண்பதைத் தொட்டிருந்த அந்த ஜெகந்நாதன் 1994ல் போட்ட வழக்குத்தான் இது. நாக்பூரிலிருந்து தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் குழு வந்து பார்த்து, பண்ணைகளின் வருமானத்தைவிட அவை செய்யும் சேதம் அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிகளுக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு, அதற்கு மேல் ஆறு வருடச் சம்பளம். மே 31க்குள் கொடுத்தாக வேண்டும்.

'தொழிலாளி' யார் என்பதைத் தொழில் தகராறு சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொன்னது. அப்போது மேற்பார்வைப் பணியில் இருந்துகொண்டு மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் தொழிலாளியாகக் கருதப்படவில்லை. 2010ல்தான் இந்த வரம்பு 10,000 ஆனது. அப்பா வாங்கியது 1,750. பாயசத்தின் விலை ஆறு வருடச் சம்பளம் என்று சிரித்துக்கொண்டேன், ஆனால் விஷயம் அத்தனை நேராக இல்லை. பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது, ஆள் உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மூட்டை தூக்கியவர், வலை வீசியவர், மதகுப் பலகையை உருவியவர் எந்தக் கணக்கில் வருவார்?

யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க நேரவில்லை. 1997ல் மறுஆய்வு மனுக்கள் போனதும் தீர்ப்பு அப்படியே நின்றுபோனது. 2005ல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அந்தக் கடலோரத் தடை இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டது. 2009லிருந்து டைகருக்குப் பதில் வனாமி வந்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனியோ அதற்கெல்லாம் முன்பே, 1998ல், நோயில் நொடித்து ஜெனரேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. எந்தக் கோர்ட்டும் மூடாத பண்ணைக்கு எந்தக் கோர்ட்டு இழப்பீடு?

இதையெல்லாம் போனில் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நெலத்துக்கு என்ன எழுதியிருக்கான்?"

ஓர் ஆணையம் அமைத்து, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து, நஷ்டத்தை மதிப்பிட்டு, மாசுபடுத்தியவரிடமே வசூலித்துக் கொடுக்க வேண்டும் என்ற பத்தியைத் தமிழில் சொன்னேன்.

"இத ஒங்க சித்தப்பன்கிட்ட படிச்சுக் காட்டு. அவனுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, நீயே நேர்ல போயி படி."