சூது, சீட்டு, குறி: எல்லைப் பகுதியில் சில சட்டச் சொற்கள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் வாளையாற்றைக் கடந்தால் கஞ்சிக்கோடு. இவ்வழியிலுள்ள கடைகளில் கேரள அரசின் பரிசுச்சீட்டு வெளிப்படையாக விற்கப்படுகிறது; வாங்குவோருள் தமிழ்நாட்டிலிருந்து அதற்கெனவே வருபவர் பலர். அதே சீட்டைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் விற்பது குற்றமாகும். ஒரே தாள் சில கிலோமீட்டர் தொலைவில் விற்பனைப் பண்டமாகவும் குற்றப்பொருளாகவும் அமைவதன் வரலாற்றில் சொற்களுக்கும் பங்குண்டு.

பழந்தமிழில் இத்துறைக்குரிய பொதுச்சொல் சூது. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. அவ்வதிகாரத்தில் கவறு என்பது சூதாடு கருவியையும், கழகம் என்பது சூதாடும் இடத்தையும் குறிக்கின்றன. கழகம் பிற்காலத்தில் கல்விக்கும் கட்சிக்கும் உரிய சொல்லாக உயர்ந்துவிட்டது. ஆங்கிலச் சட்டத்தின் சூதாட்ட விடுதியைத் தமிழாக்குவோர் வள்ளுவரின் சொல்லை இன்று கையாள இயலாது. கையாண்டால் நகைப்புக்கே இடமாகும். சூது என்பதோ வஞ்சனைப் பொருளையும் ஏற்றது. ஆகவே இச்சொல்லால் சுட்டப்படும் செயல் விசாரணைக்கு முன்பே பழிக்கப்பட்டுவிடுகிறது.

1956 வரை மலபார் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தமையால் 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் பாலக்காட்டுக்கும் உரியதாக இருந்தது. கேரளம் தனக்கெனச் சட்டம் இயற்றியது 1960இல். 1930ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரையறையில் பந்தயத்தைச் சேர்த்து லாட்டரியை விலக்கியது. லாட்டரி நிலையம் நடத்துவதைத் தண்டித்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294அ பிரிவு. அப்பிரிவும் அரசு நடத்துவதற்கு விலக்களித்தது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையும் இப்பிரிவினையைக் காத்தது: அரசு லாட்டரி ஒன்றியப் பட்டியலில் 40ஆம் பதிவு, பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் 34ஆம் பதிவு.

இவ்விடைவெளியில்தான் கேரளம் 1967இல் லாட்டரித் துறையை நிறுவியது. முதல் குலுக்கல் 1968 சனவரி 26இல் நிகழ்ந்தது; சீட்டின் விலை 1 ரூபாய், முதற்பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடும் 1968இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. இரு அரசுகளும் சூது என்னும் சொல்லைத் தவிர்த்தன. கேரளம் பாக்கியக்குறி என்றது. தமிழ்நாடு பரிசுச்சீட்டு என்றது. மலையாளத்தில் குறி என்பது பலர் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் சீட்டு. நாணயமான சேமிப்பு முறை. தமிழர் காதில் அச்சொல் குறி சொல்லுதலையே நினைவூட்டும். தமிழில் அச்சேமிப்புக்குரிய சொல் சீட்டு. அதுவே விளையாட்டுச் சீட்டும் ஆகும். பரிசு என்னும் அடையோ கிட்டுவதை மட்டும் கூறி இழப்பதை மறைக்கிறது. பேச்சுவழக்கு இத்துணை மென்மை காட்டவில்லை. "சோத்துக்கே லாட்டரி" என்பது வறுமையைக் குறிக்கும் தொடர். இதனைப் பிறமொழியில் பெயர்ப்போர் பரிசு விழுந்ததாகக் கொண்டுவிடக் கூடாது.

1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் உரிமையை மாநிலங்களுக்கு அளித்தது. தன் சீட்டை விற்றுக்கொண்டே பிறர் சீட்டைத் தடுக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 1999இல் உரைத்தது. 2003 சனவரியில் தமிழ்நாடு தன் சீட்டுட்பட அனைத்தையும் தடை செய்தது. வாளையாற்றுக் கடைகளின் தமிழ் வாடிக்கை பெருகியதன் பின்னணி இதுவே. 2023இல் கேரளத்தின் ஓணச் சிறப்புக் குலுக்கலின் முதற்பரிசான 25 கோடி ரூபாய் வாளையாற்றில் விற்ற சீட்டுக்கே விழுந்தது. அதற்குரியோர் திருப்பூர்ப் பகுதியினர்.

இணையவழி ஆட்டங்களில் சிக்கல் வேறு சொற்களில் தோன்றியது. திறன் மிகுந்த ஆட்டம் சூதன்று என்பது நீதிமன்றக் கொள்கை. ரம்மி 1968இலும் குதிரைப் பந்தயம் 1996இலும் இவ்வகையில் விலக்குப் பெற்றன. திறனுக்கு எதிர்ச்சொல்லாகத் தமிழில் வாய்ப்பு வழங்குகிறது. வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு எனப் பழகிய காதுக்கு 'வாய்ப்பு விளையாட்டு' கேடாகத் தோன்றாது. தற்செயல் என்பதே பொருத்தமான சொல். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாக அட்டவணைப்படுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்று, அவ்விரண்டையும் அட்டவணையிலிருந்து நீக்கியது. 2025 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தைத் திறன், தற்செயல் என்னும் வேறுபாடின்றித் தடுத்தது. காகிதத்தில் அச்சாகும் பாக்கியக்குறியை அது தீண்டவில்லை.