பாமினியில் எழுதின பக்கங்கள்: எச்.டி.எம்.எல் படிக்கத் தொடங்கிறவருக்கு ஒரு சின்ன வரலாறு

மாமாவிட்ட ஒரு பழைய சீடி இருந்தது. 2001 அளவில எங்கட ஊர்க்காரர் செய்த இணையப் பக்கங்களை அதில சேமிச்சு வைச்சிருந்தார். வெப் டிசைனிங் படிக்கத் தொடங்கின புதுசில, அந்தக் காலத்தில எப்பிடி எழுதினவை எண்டு பாக்க அதைத் திறந்தேன். பிரவுசரில் வந்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். மூலநிரலைப் பார்த்தால் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு ஃபொன்ட் டேக். அதில் எழுத்துருவின் பெயர் பாமினி. பாமினியைத் தேடி இன்ஸ்டோல் பண்ணினதும் ஊர்ச்செய்தி, திருவிழா, மரண அறிவித்தல் எல்லாம் தமிழாக வந்தது.

இது ஏன் இப்பிடி நடந்தது எண்டு விளங்கினா எச்.டி.எம்.எல்லில் பாதி விளங்கின மாதிரி.

ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் வேலை செய்த டிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் இணைய வலைக்கான யோசனையை முன்வைத்தார். 1991இல் வெளிவந்த முதலாவது டேக் பட்டியலில் இருந்தவை 18 மட்டுமே. தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு போன்றவை. நிறமோ எழுத்துருவோ அதில் இல்லை. 'இது தலைப்பு' எண்டு சொல்லுறதுதான் டேக்கின் வேலை. அது எப்படித் தெரிய வேண்டும் என்பது பிரவுசரின் பொறுப்பு.

வலை சனத்திட்டப் போனதும் எல்லாரும் அழகு கேட்டார்கள். நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் போட்டி போட்டுப் புதுப்புது டேக்குகளை இறக்கின. ஃபொன்ட் டேக் அப்படி வந்ததுதான். தோற்றத்தைத் தனியாக எழுதுவதற்கான சி.எஸ்.எஸ் 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல் 3.2 ஃபொன்ட் டேக்கை ஏற்றுக்கொண்டது. அதே வருசம் டிசம்பரில் வந்த 4.0, அதைத் தவிர்க்கச் சொன்னது.

தமிழுக்கு அந்த டேக் வெறும் அலங்காரமாக இருக்கேல்லை. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்திருந்தாலும், சாதாரண ஆக்களின்ர கணினிகளில் அது ஒழுங்காகத் தெரியப் பல வருசம் எடுத்தது. அதுவரைக்கும் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைக் காட்டின. கோப்புக்குள் கிடந்ததோ ஆங்கில எழுத்துத்தான். அதால அந்தப் பக்கங்களைத் தமிழில் தேடினா அகப்படாது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டவும் ஏலாது. செய்தவர்களில் பிழை சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கேல்லை.

2000இல் எக்ஸ்.எச்.டி.எம்.எல் வந்தது. அதன் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், மூடாத ஒரு டேக் போதும், பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச்செய்திதான் வரும். அதற்கு அடுத்த பதிப்பு பழைய பக்கங்களோடு ஒத்துப்போகாத பாதையில் போனது. அதில் நம்பிக்கையில்லாத ஆப்பிள், மொசில்லா, ஒபேரா ஆக்கள் 2004இல் தனிக்குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களின் வேலையிலிருந்து வளர்ந்ததுதான் 2014 ஒக்டோபரில் நியமமான எச்.டி.எம்.எல்5. பிழையாக எழுதின பக்கத்தையும் எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி எப்படிக் காட்ட வேண்டும் எண்டு அது விதி எழுதி வைத்தது. மாமாவின் சீடியில் உள்ள ஃபொன்ட் டேக்கை இண்டைக்கும் பிரவுசர் மதிக்குது எண்டா, அந்தப் பொறுமைதான் காரணம்.

ஆனால் பிரவுசர் மன்னிக்கிறது எழுத்துப் பிழையை மட்டும்தான். மூடாத டேக்கை அது தானே மூடும். ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது தமிழ் எண்டு அதுக்கு ஒருநாளும் தெரியப்போறதில்லை.

இண்டைக்குத் தொடங்கிற நாங்களும் இதே பிழையை வேற விதமாச் செய்யிறம். நான் செய்த முதல் பக்கம் முழுக்க டிவ் டேக்தான்; பெரிய எழுத்தில போட்டாத் தலைப்பு எண்டு நினைச்சேன். தமிழ்த் தலைப்பைப் படமாக்கிப் போடுறதும் பாமினிக் கதைதான். பாக்க வடிவாயிருக்கும், உள்ளுக்குத் தமிழ் இருக்காது. தலைப்புக்கு எச்1, கட்டுரைக்கு ஆர்ட்டிக்கிள், மெனுவுக்கு நாவ் எண்டு பழகுங்கோ. எழுத்துக்குறியீடு யூ.டி.எஃப்-8 எண்டும், மொழி தமிழ் எண்டும் மேலேயே அறிவியுங்கோ. நிறமும் வடிவும் சி.எஸ்.எஸ்ஸுக்கு.

சீடியில் இருந்த பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றி, டேக்குகளைத் திருத்தி எழுத எனக்கு ரெண்டு கிழமை போனது. முடிச்சிட்டு, தேடல் பெட்டியில் அம்மம்மாவின் பெயரைத் தமிழில் அடிச்சுப் பாத்தேன். மரண அறிவித்தல் பக்கத்தில் ஒரு வரி மஞ்சளாக எழும்பி நிண்டது.