தாவோபாவ் கிராமங்கள்

இணையத்தில் பொருள் விற்பதைப் பெருந்தொழிலாகக் கொண்ட சீனச் சிற்றூர்களுக்கு அலிபாபா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வைத்த பெயர் ‘தாவோபாவ் கிராமம்’. தாவோபாவ் என்பது அந்நிறுவனம் 2003-இல் தொடங்கிய இணையச் சந்தை. இப்பெயரைப் பெற, ஊரின் இணைய விற்பனை ஆண்டுக்கு 1 கோடி யுவானை எட்ட வேண்டும். அங்கே 100 இணையக் கடைகளோ, குடும்பங்களின் எண்ணிக்கையில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத கடைகளோ இயங்க வேண்டும். 2009-இல் இத்தகைய ஊர்கள் 3, 2014-இல் 212, 2020-இல் 5,425.

இணைய இணைப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இவை நாடெங்கும் சிதறி இருந்திருக்கும். ஆனால் பெரும்பாலானவை செஜியாங், குவாங்டோங், ஜியாங்சு முதலிய கிழக்கு மாகாணங்களில் கொத்துக்கொத்தாக இருக்கின்றன. அங்கே ஆலைகளும் சாலைகளும் முன்பே இருந்தன. தொடக்கத்து மூன்றில் சிங்யான்லியு, யீவூ மொத்தச் சந்தையை ஒட்டிய ஊர். டோங்காவ்ஜுவாங் இருக்கும் சிங்ஹே வட்டாரம் காஷ்மீர் கம்பளிக்குப் பெயர்பெற்றது.

மூன்றாவதான டோங்ஃபெங்கின் கதை வேறு. ஜியாங்சுவின் ஷாஜியில் உள்ள இந்த ஊர், பழைய பிளாஸ்டிக்கைத் தரம்பிரித்துப் பிழைத்துவந்தது. 2006-இல் ஊர் திரும்பிய ஓர் இளைஞர் இணையக் கடை திறந்தார். ஷாங்காயின் ஐக்கியா அறைகலன் கடையில் கண்ட எளிய மர அலமாரிகளைப் போல உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்து விற்றார். அண்டை வீட்டார் பார்த்தார்கள், தாங்களும் இறங்கினார்கள். பார்சல்கள் பெருகவே கூரியர்கள் ஊருக்குள் வந்தன, கட்டணம் குறைந்தது, விற்பனை மேலும் ஏறியது. உறவுக்காரர் கற்றுத்தந்த அளவுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் இங்கே கற்றுத்தரவில்லை என்றே சொல்லலாம். அதே பார்த்துச்செய்தல்தான் விலைப்போட்டியையும் கொண்டுவந்தது.

முகமறியாத விற்பனையாளரை நகரத்தார் நம்பியதற்கு 2004-இல் வந்த அலிபே என்னும் இணையக் கட்டணச் சேவை ஒரு காரணம்: பொருள் கைக்கு வரும்வரை பணம் இடையில் நிற்கும்.

அரசின் பங்கு பெரும்பாலும் பின்னால்தான் வந்தது. ஷான்டோங்கின் சாவ் வட்டாரத்தில் உள்ள தாஜியில் புகைப்பட நிலையங்களுக்குத் திரையும் உடையும் தைத்தவர்கள், மேடை உடைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினார்கள். தொழில் காலூன்றிய பிறகே உள்ளூர் நிர்வாகம் தொழிற்பூங்கா அமைத்தது.

கிராமத்தாரை இணையத்தில் விற்கவைப்பதைவிட வாங்கவைப்பது கடினமாக இருந்தது. 2014-இல் அலிபாபா 1,000 கோடி யுவான் முதலீட்டில் கிராம சேவை மையங்களை அறிவித்தது. அங்கிருந்த முகவர், கணினி தெரியாதவர்களுக்காகப் பொருளை வரவழைத்துக் கொடுப்பார். திறன்பேசி வீட்டுக்கு வீடு வந்ததும் அவருக்கு வேலை குறைந்தது. தாஜித் தையல்காரர்களுக்கோ, சீனாவின் குழந்தைகள் நாளான ஜூன் 1-க்கு முந்தைய வாரங்களில், குழந்தைகளின் மேடை உடைகளைத் தைப்பதில் ஓய்வே இருப்பதில்லை.